பலகை பராமரிப்பில் வரும்

பலகை உடைந்த அன்று மாலையே தச்சர் அதை மாற்றியிருப்பார். போர்டைப் படித்துத் தொலைத்ததுதான் வினை.

பாதை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தச்சர் வீட்டுப் பின்பக்கம் தொடங்கி, இரண்டு வயல்களுக்கு நடுவே போய், ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, அவருடைய அக்கா வீட்டு வாசலில் முடிகிற ஒற்றையடிப் பாதை. பதினைந்து நிமிட நடை. சாலை வழியாகப் போவதென்றால் இரண்டு பஸ் மாறி, கடைசியில் மூச்சு வாங்க ஏறவும் வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஓடைக்கு மேலே யாரோ எந்தக் காலத்திலோ இரண்டு நீளப் பலகைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று மழையில் ஊறி, நடுவில் முறிந்து, கீழே விழுந்துவிட்டது. மிச்சமிருந்த ஒற்றைப் பலகையில் தச்சர் தாராளமாக நடப்பார். உத்தரத்தின் மேல் நின்று வேலை பார்த்த கால்கள். அக்காவால் முடியாது. அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது, இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் நிற்பது ஆளா கம்பமா என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அந்த அக்காவுக்கு இன்னும் மூன்று வாரத்தில் முதல் கண்ணில் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வேன் வந்து கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். அதன் பிறகு ஆறு வாரம் சொட்டு மருந்து: காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. அக்கா தனி ஆள். கை நடுங்கும், தானே விட்டுக்கொண்டால் மருந்து காதுக்குப் போகும். என் வீட்டை விட்டு எங்கேயும் வந்து தங்க மாட்டேன் என்று வேறு ஒரே பிடிவாதம். ஆறு வாரம் முடிந்ததும் தச்சர் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு அக்காவே வந்து காட்ட வேண்டும். பரிசோதனைக்கெல்லாம் வேன் வராது. நாள் தவறக் கூடாது, அதைப் பார்த்துத்தான் இரண்டாவது கண்ணைத் தொடுவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆக, தச்சருக்கு வேண்டியதெல்லாம் ஒரு பலகை. எட்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். அன்றைக்கு மத்தியானமே பட்டறையில் இழைத்து வைத்துவிட்டார்.

அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதுதான், பாதை தொடங்கும் இடத்தில் புத்தம் புதிதாக நின்ற போர்டைப் பார்த்தார்.

“உங்கள் பாதையில் குறையா? நீங்களே கை வைக்காதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் இருக்கிறோம். — பாதை அணுகல் மேம்பாட்டு ஆணையம்.”

ஐம்பது வயதுக்கு மேல் வாழ்ந்துவிட்ட மனிதர், இதுவரை யாரும் அவரிடம் ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொன்னதில்லை. மனம் இளகிவிட்டது. பலகையைத் திரும்பக் கொண்டுபோய்ப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“பத்து நிமிஷ வேலைக்கு எதுக்குங்க ஆபீஸ்?” என்றாள் மனைவி. அச்சகத்தில் வேலை பார்ப்பவள். அரசாங்கத் தாள்களை அடித்து அடித்து அவற்றின் மேல் மரியாதை போய்விட்டவள்.

“அவங்களே கேக்கறாங்க. சொல்லாம நாமளே செஞ்சா நல்லா இருக்காது.”

“சரி, போயிட்டு வாங்க,” என்றாள். அந்த ‘சரி’யில் இருந்ததை அவர் அப்போது கவனிக்கவில்லை.

ஆணையத்தின் அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. முன்வாசல் பூட்டியிருந்தது. பின்வாசலில் மணல் கொட்டியிருந்தது. பக்கவாட்டு மாடிப்படியில் பழைய நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். ஆணையத்துக்கு வழி எது என்று தச்சர் நான்கு பேரிடம் கேட்டார். இரண்டு பேர் வெவ்வேறு திசையைக் காட்டினார்கள். ஒருவர் அங்கேயே பதினோரு வருடமாக வேலை பார்ப்பதாகவும், தாம் நாற்காலிகளுக்கு மேலே ஏறிப் போவதாகவும் சொன்னார். தச்சரும் அப்படியே ஏறிப் போனார்.

குறைகேட்பு மேஜையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நீட்டிய படிவத்தில் குறையின் நீளம், அகலம், கனம் என்று மூன்று கட்டங்கள். தச்சர் தன் தொழிலுக்கேற்ற சுத்தத்தோடு அளவுகளை எழுதிக் கொடுத்தார். அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“பலகைதான் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இல்லாத பலகைக்கு அளவு எப்படிக் கெடைச்சது?”

“அதே அளவுல ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன் மேடம்.”

அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அதை வெளியே சொல்லாதீங்க. நீங்க போட்டா அது ஆக்கிரமிப்பு. நாங்க போட்டாத்தான் பராமரிப்பு. தெரியாம எடுத்துட்டுப் போய்ப் போட்டுட்டீங்கன்னா உங்க புகார் செல்லாது. குறையே இல்லாத எடத்துக்குப் புகார் குடுத்ததா ஆகிடும். அப்புறம் மொதல்லேருந்து வரணும்.”

“எத்தனை நாள் ஆகும் மேடம்?”

“அவசரமா?”

“அக்காவுக்குக் கண் ஆபரேஷன். மூணு வாரத்துல.”

அம்மாள் ‘அவசரம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்த டிக் போட்ட புகார்களை எல்லாம் தனியாக ஒரு குழு பரிசீலிக்கிறது. அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில், அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்த அன்றே, ஜீப்பில் நான்கு பேர் வந்தார்கள். பாதை வழியாக வரவில்லை, சாலையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஏன் என்று தச்சர் கேட்டதற்கு, பரிசோதனை முடியாத பாதையில் ஊழியர்கள் நடக்கக் கூடாது என்று விதி இருப்பதாகச் சொன்னார்கள். ஓடைக்கரையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். டேப் பிடித்தார்கள். ஒற்றைப் பலகையைப் படம் எடுத்தார்கள். இல்லாத பலகையையும் தனியாகப் படம் எடுத்தார்கள். நான்கு பேருக்கும் தலைவராகத் தெரிந்தவர் தச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நல்ல வேளை சொன்னீங்க. ரொம்ப ஆபத்து இது.”

தச்சருக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் காலை சொட்டு மருந்துப் பெட்டியோடு அக்காவைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பியவர், பாதையின் நடுவில், ஓடைக்கரையில், ஒரு இரும்புக் கதவு நிற்பதைப் பார்த்தார். வேலி இல்லை, சுவர் இல்லை. வெட்டவெளியில் கதவு மட்டும் நின்றது. அதில் பூட்டு, பூட்டுக்கு மேலே அறிவிப்பு: “பொதுமக்களின் பாதுகாப்புக்காகப் பாதை மூடப்பட்டுள்ளது.” கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு காவலாளி. முப்பது வயதிருக்கும். மடியில் எச்சரிக்கைச் சீட்டுக் கட்டு.

தச்சர் கதவைச் சுற்றிக்கொண்டு நடந்தார். காவலாளி எழுந்து மரியாதையாக நின்றான்.

“சுத்திப் போனாலும் சீட்டு உண்டுண்ணே.”

“நான் அக்காவுக்கு மருந்து விடப் போறேன் தம்பி. ஆறு மணிக்கு விட்டாகணும். இப்பவே அஞ்சு அம்பது.”

“போங்கண்ணே, நான் தடுக்கல. தடுக்கற அதிகாரம் எனக்கு இல்ல. எச்சரிக்கை குடுக்கறதுதான் வேலை.” பெயர், நேரம், இடம், காரணம் எல்லாம் எழுதி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். கால் மணி நேரம் கழித்துத் தச்சர் திரும்பி வந்தபோது இன்னொன்று கொடுத்தான். “போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. ரெண்டும் தனித்தனிக் குத்தம்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அன்று முதல் தச்சரின் வாழ்க்கை நான்கு மணி நேரத் துண்டுகளாக வெட்டுப்பட்டது. ஜன்னல் சட்டத்தில் பாதி துளை போடும்போது மணி ஒன்பதே முக்கால் ஆகிவிடும். அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு மணி வந்து நிற்கும். தூக்கத்தில்கூடக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிதுக்கின. நாளைக்கு நான்கு தடவை போக, நான்கு தடவை வர, எட்டுச் சீட்டு. தச்சர்கள் வழக்கப்படி பட்டறைச் சுவரில் ஒரு கம்பியை வளைத்து மாட்டி, எல்லாவற்றையும் அதில் குத்தி வைத்தார். பக்கத்திலேயே எட்டடிப் பலகை சாய்ந்து நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கை பரபரத்தது. வெறி பிடித்ததுபோல அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருக்கும். உடனே குறைகேட்பு அம்மாளின் குரல் காதில் விழும். மொதல்லேருந்து வரணும். அடுத்த வாரம் எப்படியும் ஆகிவிடும், இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று என்று பலகையைத் தடவிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

“வந்துட்டாங்களா?” என்று அக்கா தினமும் கேட்பார், தலையைச் சாய்த்து, கண்ணை விரித்துக்கொண்டு.

“வருவாங்கக்கா. ஆடாத.”

“நீ ஆடறடா. எனக்கு மருந்து கன்னத்துல ஓடுது.”

அது உண்மைதான். ஓடி வந்த மூச்சில் அவர் கைதான் நடுங்கியது. அக்கா கையைக் குறை சொன்ன ஆள், தன் கை நடுங்குவதைப் பார்த்து வெட்கப்பட்டார்.

ஆறாவது வாரம் மனைவி அச்சகத்திலிருந்து ஒரு பளபளத் தாளைக் கொண்டுவந்து மேஜை மேல் போட்டாள். ஆணையத்தின் ஆண்டறிக்கை. பதினேழாம் பக்கத்தில் இரண்டு படங்கள். ‘முன்பு’ என்ற படத்தில் ஒற்றைப் பலகை. ‘பின்பு’ என்ற படத்தில் இரண்டு பலகைகள்.

“உங்க பலகையைப் போட்டுட்டாங்க போலிருக்கே,” என்றாள்.

தச்சர் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்குப் பலகை தெரியும், அதன் ரேகை தெரியும். ‘பின்பு’ படத்தில் இருந்தது பழைய பலகை. உடைவதற்கு முந்தின வருடம் எடுத்த படம்.

“இது உடையறதுக்கு முன்னாடி எடுத்ததுடி.”

“தெரியும். அடிக்கும்போதே எங்க முதலாளி கேட்டார். தேதி முக்கியமில்ல, வரிசைதான் முக்கியம்னாங்களாம்.”

மறுவாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. மூடிய கதவில் ஆணையம் ஒரு எண்ணும் கருவியைப் பொருத்தியிருந்தது. கதவு ஒரு தடவை திறந்தால் ஒரு நடை என்று அது எண்ணும். இருபத்தெட்டு நாட்களில் எண்ணிக்கை பூஜ்யம். நாளொன்றுக்குச் சராசரி ஐந்து நடை இல்லாத பாதை விதிப்படி பாதை ஆகாது, வெறும் நிலம். எனவே பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து, பாதை பயன்பட்டதற்கான அரசு ஆவணத்தைக் காட்டலாம்.

தச்சர் கடிதத்தை மூன்று தடவை படித்தார். நீக்கிவிட்டால் வயல்காரர் மறுநாளே உழுதுவிடுவார். கதவைப் பூட்டியவனே, கதவு திறக்கவில்லை என்று எண்ணிக் காட்டுகிறான். அவருக்கு வந்த கோபத்தில் உளியைப் பிடித்த கை நழுவி விரலில் கீறிக்கொண்டார். ரத்தத்தைச் சப்பிக்கொண்டே அரசு ஆவணத்துக்கு எங்கே போவது என்று பட்டறைக்குள் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். தலையில் ஏதோ இடித்தது. சீட்டுக் கம்பி.

விசாரணை பத்து மணிக்கு. தச்சர் பத்து மணிச் சொட்டை ஒன்பதரைக்கே விட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு மேலே ஏறி, வியர்வை சொட்ட உள்ளே நுழைந்தார். இயக்குநர் வந்தபோது பதினொன்றே கால். வெள்ளைச் சட்டை, இனிமையான முகம், கோபமே வராத குரல். உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினார். அந்த அறையில் தச்சரும் குறைகேட்பு அம்மாளும் மட்டுமே இருந்தார்கள் என்றாலும் ஒரு மைதானத்துக்குப் பேசுவதுபோலப் பேசினார்.

“நண்பர்களே, பாதைகளைக் காப்பதுதான் இந்த ஆணையத்தின் உயிர்மூச்சு. ஒரு பாதைக்கு மிகப் பெரிய எதிரி யார்? மழை அல்ல, வெயில் அல்ல. நடப்பவர். கால் பட்டுத்தான் பாதை தேய்கிறது. நான் பொறுப்பேற்றபோது இந்த வட்டாரத்தில் நாற்பத்தைந்து பாதைகளில் மாதம் இருநூறு புகார்கள் வந்துகொண்டிருந்தன. நாற்பத்தொரு பாதைகளை மூடினோம். இன்று அந்த நாற்பத்தொன்றிலிருந்து ஒரு புகார்கூட இல்லை. ஒரு விபத்துகூட இல்லை. இதைவிட ஒரு சாதனை இருக்க முடியுமா? மீதி நான்கிலும் இந்த நிலையை எட்டிவிட்டால் நான் நிம்மதியாக ஓய்வு பெறுவேன்.”

தச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது. இரண்டு மணிக்கு அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பார்.

“உங்களிடம் அரசு ஆவணம் ஏதாவது இருக்கிறதா?” என்றார் இயக்குநர் கனிவாக.

தச்சர் பையிலிருந்து கம்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார். இருநூற்று இருபத்து நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஆணையத்தின் முத்திரை, தேதி, நேரம், இடம்.

இயக்குநர் புரட்டினார். “இவை எச்சரிக்கைச் சீட்டுகள். பாதையில் நடக்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்தவை.”

“நடந்ததாலதான் சார் குடுத்தாங்க.”

குறைகேட்பு அம்மாள் ஒரு தாளில் எதையோ வகுத்துப் பார்த்துவிட்டு, “ஒரு நாளைக்கு எட்டு வருது சார். அஞ்சுக்கு மேல,” என்றார். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனதாகத் தச்சருக்குப் பட்டது.

இயக்குநர் பெரிய ஆள்தான். அரை நிமிடத்தில் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியானால் இது நம் வட்டாரத்திலேயே அதிகம் மீறப்பட்ட பாதை. மீறல் என்பது மக்களின் ஆர்வம். இந்தப் பாதையை நீக்கக் கூடாது. மாதிரிப் பாதையாக மேம்படுத்துவோம். இரண்டே வாரம். திறப்பு விழாவுக்கு நானே வருகிறேன்.”

தச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் அக்காவை டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். கணக்கு ஒத்துப்போயிற்று. வீட்டுக்கு ஓடும் வழியெல்லாம் தனக்குத் தானே பேசிக்கொண்டு ஓடினார்.

மேம்பாடு மறுநாளே தொடங்கிவிட்டது. இவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்து தச்சர் பார்த்ததில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் இரண்டு சிமெண்டு பெஞ்சுகள் வந்தன. இரண்டும் ஓடைக்கு முதுகைக் காட்டின. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு வரைபடம் வந்தது. கரையில் நின்ற பெரிய மரத்தை வெட்டி, அந்த இடத்தில் அந்த மரத்தைப் பற்றிய விவரங்களோடு ஒரு போர்டு வைத்தார்கள். பாலத்தின் இரு பக்கமும் பளபளவென்று எஃகுக் கைப்பிடி வந்தது. பலகை இல்லாத பக்கத்துக்கும் அதே உயரத்தில், அதே அழகில் கைப்பிடி இருந்தது.

ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் தச்சர் மேஸ்திரியிடம் நின்று கேட்டார். “பலகை எப்பங்க வரும்?”

“எங்க பட்டியல்ல பலகை இல்லையே.”

மறுபடியும் நாற்காலிகள் மேல் ஏறினார். குறைகேட்பு அம்மாள் கோப்பைத் திறந்து காட்டினார். அவருக்கே சங்கடமாக இருந்தது. “இது மேம்பாட்டுத் திட்டம். புதுசா வைக்கறதுதான் மேம்பாடு. ஏற்கெனவே இருந்ததைத் திரும்ப வைக்கறது பராமரிப்பு. பலகை பராமரிப்பில வரும்.”

“பராமரிப்பு யாரு மேடம் பாக்கறாங்க?”

“அந்தப் பிரிவைத்தான் போன வருஷம் மேம்பாட்டோட சேர்த்துட்டோம்.”

தச்சர் படி இறங்கினார். பாதி வழியில் ஒரு பழைய நாற்காலி அவர் பாரம் தாங்காமல் கால் பெயர்ந்தது. நின்று அதைப் பார்த்தார். ஆணி ஒன்று கழன்றிருந்தது; ஒரு நிமிட வேலை. குனிந்து கையை நீட்டியவர், வேண்டாம் என்று இழுத்துக்கொண்டார். அப்படி இழுத்துக்கொண்டது அவருக்கே அருவருப்பாக இருந்தது. நாற்பது வருடம் மரத்தைத் தொட்டு வாழ்ந்த கை, ஒரு ஆணியைத் தொட யோசிக்கிறது.

திறப்பு விழா நாள். ஒன்பதாவது வாரம். அக்காவுக்குப் பத்தே முக்காலுக்கு டாக்டர். விழா ஒன்பதரைக்கு. ஓடைக்கு இந்தப் பக்கம் பந்தல், ஒலிபெருக்கி, குறுக்கே சிவப்பு நாடா. இரும்புக் கதவு அகலத் திறந்திருந்தது. காவலாளி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். ஓடைக்கு அந்தப் பக்கம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அக்கா தனியாக நின்றார். ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

இயக்குநர் பத்து மணிக்கு வந்து பத்தேகாலுக்குப் பேசத் தொடங்கினார். “ஒரு பாதை என்பது இரண்டு இடங்களை இணைப்பது என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் அந்தக் குறுகிய பார்வையிலிருந்து பாதையை விடுதலை செய்திருக்கிறோம். இங்கே வருகிறவர் அமரலாம், படிக்கலாம், கைப்பிடியைப் பிடித்து நிற்கலாம். அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யலாம்...”

தச்சர் முதல் வரிசையில் இருந்தார். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பத்து இருபத்திரண்டு. பத்து இருபத்தைந்து. அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் ஒலிபெருக்கியைத் தாண்டி வந்தது.

“தம்பி, நான் வரலாமா? கால் எங்க வைக்கணும்?”

அக்கா கைப்பிடியைப் பிடித்திருந்தார். பலகை இல்லாத பக்கத்துக் கைப்பிடியை.

“அக்கா, நில்லு. அங்கேயே நில்லு.” தச்சர் கத்திய கத்தலில் இயக்குநரே ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டார்.

தச்சர் ஓடினார். ஓடையை நோக்கி அல்ல, வீட்டை நோக்கி. மூன்றாவது நிமிடத்தில் எட்டடிப் பலகை தோளில் வர, இடுப்பில் சுத்தியலும் சட்டைப் பையில் ஆணியுமாகத் திரும்பி வந்தார். கூட்டம் இரண்டாக விலகியது. சிவப்பு நாடா பலகையின் முனையில் சிக்கி அறுந்து, அதோடு கொஞ்ச தூரம் போயிற்று. எதற்கென்று தெரியாமலே எல்லோரும் கை தட்டினார்கள். ஒன்பது வாரம் காத்திருந்த பலகை, அந்த இடத்துக்கென்றே பிறந்ததுபோல உட்கார்ந்தது. இந்தப் பக்கம் இரண்டு ஆணி, அந்தப் பக்கம் இரண்டு ஆணி. நடுவில் ஏறி நின்று ஒரு குதி குதித்துப் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

இயக்குநர் ஒரு கணமும் வீணாக்கவில்லை. “இதோ, நமது மாதிரிப் பாதையின் முதல் பயனாளி,” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, பாலத்தின் மேலேயே அக்காவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். “பாதை எப்படி இருக்கிறது, அம்மா?” என்று ஒலிபெருக்கியை நீட்டினார்.

அக்காவுக்கு யார் என்னவென்று புரியவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினார்.

“ஏண்டா, இப்ப ஆணி அடிச்சது நீதானே?”

“ஆமாக்கா.”

“பத்து நிமிஷம்கூட ஆகலையே. அப்ப ஒன்பது வாரமா என்ன பண்ணிட்டு இருந்த?”

ஒலிபெருக்கி நடுவில் இருந்தது. தச்சர் சொன்னது வயல் முழுக்கக் கேட்டது.

“புகார் குடுத்துட்டு இருந்தேன்க்கா.”

டாக்டரிடம் நான்கு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். கண் நன்றாக ஆறியிருந்தது. டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். அக்கா கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, இதுக்குக் கீழே ஒண்ணும் இல்லையா என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாவது கண். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் தச்சர் வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு பாட்டம் அழுதார். அக்கா அவர் முகத்தை வெகுநாளைக்குப் பிறகு சரியாகப் பார்த்துவிட்டு, “உனக்கு இவ்வளவு நரைச்சுடுச்சாடா,” என்றார்.

தம்பி வீட்டில் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, நாலரை மணிக்கு அக்கா கிளம்பினார். தச்சர் துணைக்குப் போனார். பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். காவலாளி நாற்காலியில் இருந்தான். அவர்களைக் கண்டதும் எழுந்தான், முகத்தைப் பார்க்காமல்.

பாலத்தில் ஒற்றைப் பலகை. தச்சரின் பலகை புல்லில் கிடந்தது. அதில் ஒரு அட்டையைக் கட்டியிருந்தார்கள்: ‘அனுமதியின்றிப் பொருத்தப்பட்டது.’

“மூணு மணிக்குக் கழட்டிட்டாங்கண்ணே,” என்றான் காவலாளி. “படமெல்லாம் எடுத்த அப்புறம். ஆணியைக்கூட எண்ணி எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

தச்சர் நின்றார். அக்கா கண்ணைச் சுருக்காமல், நிமிர்ந்து, மேம்பாட்டில் பாலத்தோரத்துக்கும் வந்துவிட்டிருந்த அதே போர்டை உரக்கப் படித்தார். ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற சந்தோஷத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“உங்கள் பாதையில் குறையா? நீங்களே கை வைக்காதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் இருக்கிறோம்.” படித்து முடித்துத் தம்பியைப் பார்த்தார். “சொல்லப் போறியா?”

தச்சர் அட்டையை அறுத்துப் போட்டார். சட்டைப் பையைத் துழாவினார். காலையில் மிஞ்சிய ஆணிகள் நான்கு இருந்தன. சுத்தியல் இடுப்பிலேயே இருந்தது.

“இந்த முனையை மிதிச்சுப் பிடிக்கா,” என்றார்.

அக்கா மிதித்துக்கொண்டார். காவலாளி சீட்டுக் கட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து, நடுவில் ஒரு கை கொடுத்தான்.